வெட்டிப்போட்ட பதினேழு விநாடி

கோயமுத்தூர் காய்கறி மார்க்கெட்டில் துளசிமணியைவிட அவளுடைய தராசு பிரபலம். ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு மண்டிக்காரர், கறிவேப்பிலை மூட்டைக்கு இரண்டு கிலோவை ஈரக் கழிவு என்று சொல்லிக் குறைத்துக்கொண்டிருந்தார். விவசாயிகள் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். துளசிமணி ஒரு தொங்கு தராசு வாங்கினாள். தோட்டத்திலேயே மூட்டைகளை நிறுத்து, சாக்கின் மேல் மையால் எடையை எழுதி, தராசையும் கையோடு கொண்டுவந்து மண்டி வாசலில் மாட்டினாள். மண்டிக்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் கோபப்பட்டார். கடைசியில் அவளைத் தனியே கூப்பிட்டு, அவளுக்கு மட்டும் கழிவு போடுவதில்லை என்றார்.

"எனக்கு மட்டும் வேண்டாமுங்க," என்று சொல்லிவிட்டு, அவள் போய்த் தன் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குப் பத்து மணிக்குள் அந்த மண்டியில் கழிவு என்ற பேச்சே நின்றுபோனது.

அவளுக்கு அன்னூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் தோட்டம். பிறந்த ஊர் சத்தியமங்கலம். பத்தாவது வரைக்கும் படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பத்தொன்பது வயதில் குமாரசாமியைக் கட்டிக்கொண்டு இந்தத் தோட்டத்துக்கு வந்தாள். கிணறு வற்றி, போர் வற்றி, சுற்றிலும் ஒவ்வொருவராக நிலத்தை வீட்டுமனைக்கு விற்றபோது, அவள் பருத்தியை விட்டுவிட்டுக் கறிவேப்பிலைக்கு மாறினாள். குமாரசாமி நல்ல மனுஷர். சண்டை என்றால் மட்டும் அவருக்கு மாடு கட்டும் வேலை ஞாபகம் வந்துவிடும். ஒரே மகள் லோகப்பிரியா பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இருக்கும் வீடு நாலு அறை கொண்டது. துளசிமணி பக்கத்தில் நின்று ஒவ்வொரு செங்கலையும் தண்ணீரில் நனைக்க வைத்துக் கட்டிய வீடு. இதை இங்கே சொல்லவேண்டியிருப்பதற்குக் காரணம், போன வருஷம் ஆடி மாதத்தில் ஒன்பது லட்சம் பேர் அவளுக்கு வீடில்லை என்று நம்பியதுதான்.

அது ஒரு வியாழக்கிழமை. சரக்கை இறக்கிவிட்டு, சின்ன யானை என்று எல்லோரும் சொல்லும் அந்தக் குட்டி லாரி டீசல் போடப் போயிருந்தது. துளசிமணி மார்க்கெட்டுக்கு வெளியே காலிச் சாக்குகளை மடித்துப் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புடவைக்கு மேல் குமாரசாமியின் பழைய முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. வண்டியிலிருந்து இறங்கும்போது ஒரு செருப்பின் வார் அறுந்துவிட்டதால் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவளுக்குக் கண் சொக்கிக்கொண்டு வந்தது.

அப்போது ஒரே மாதிரி மஞ்சள் பனியன் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவள் உயரமான ஆப்பிரிக்கப் பெண். பின்னால் ஒரு பையன் கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி வந்தான். அந்தப் பெண் குனிந்து, சிரித்து, ஒரு போர்வையையும் சோற்றுப் பொட்டலத்தையும் அவள் மடியில் வைத்தாள். துளசிமணி ஏதோ புதுக் கடைத் திறப்பு விழா என்று நினைத்தாள். ஜவுளிக்கடைக்காரர்கள் பை கொடுப்பார்கள், வங்கிக்காரர்கள் காலண்டர் கொடுப்பார்கள், இவர்கள் போர்வை கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று வாங்கிக்கொண்டாள். முகத்தில் வழிந்த வேர்வையைத் துண்டால் துடைத்தாள். சும்மா வாங்கிக்கொண்டு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. பக்கத்துச் சாக்கில் மீந்திருந்த கறிவேப்பிலையில் ஒரு பெரிய கட்டை எடுத்து, குழம்புக்குப் போட்டுக்கொள் கண்ணு என்று அந்தப் பெண்ணின் கையில் திணித்தாள். அவள் அதை முகர்ந்து பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தாள். வண்டி வந்தது. துளசிமணி ஏறிப் போய்விட்டாள். போர்வையைக் குமாரசாமியிடம் கொடுத்தாள். அவரும் நன்றாக இருக்கிறதே என்று போர்த்திக்கொண்டு தூங்கினார்.

பத்து நாள் கழித்து, மத்தியானம் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தபோது லோகப்பிரியா கூப்பிட்டாள். பேச்சே வரவில்லை, விசும்பல்தான் வந்தது. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒருத்தி, மனசை உருக்கும் வீடியோ என்று சொல்லித் தன் கைப்பேசியைக் காட்டினாளாம். அதில் இருந்தது அம்மா.

மகள் அனுப்பியதைத் துளசிமணி தென்னை நிழலில் நின்று பார்த்தாள். பின்னால் வயலின் அழுதது. முதலில் அவளுடைய பாதம் மட்டும் தெரிந்தது, சேறு படிந்து, செருப்பில்லாமல். அப்புறம் மெதுவாக நகரும் அவளுடைய கை. அப்புறம் துண்டால் முகம் துடைப்பது. வேர்வையைத் துடைத்தது கண்ணீரைத் துடைப்பதுபோலவே இருந்தது. எழுத்து தமிழிலும் ஓடியது: 'வீடில்லாத இந்த மூதாட்டிக்கு இந்த உலகத்தில் யாருமில்லை. இன்று அவளுக்கு ஐந்து நாடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.' ஐம்பத்தொரு வயதில் தன்னை மூதாட்டி ஆக்கிவிட்டதை அவள் இரண்டாம் தரம் பார்த்தபோதுதான் கவனித்தாள். மூன்றாம் தரம் பார்த்தபோது வேறொன்றைத் தேடினாள். அது இல்லை. போர்வையை வாங்குகிறாள், முகத்தைத் துடைக்கிறாள், அந்தப் பெண் சிரிக்கிறாள், படம் முடிந்துவிடுகிறது. கறிவேப்பிலையைக் காணோம்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துபோனது. பால் சொசைட்டியில் பாலுசாமி, கஷ்டம் என்றால் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று குமாரசாமியிடம் கேட்டார். சூலூரிலிருந்து கொழுந்தியாள் போன் செய்து, மகள் சம்பளம் ஒன்றும் அனுப்புவதில்லையா என்று விசாரித்தாள். சொந்தக்காரர் ஒருத்தர் நல்ல எண்ணத்தோடு ஒரு சிப்பம் அரிசியை ஆள்விட்டு அனுப்பிவைத்தார். அரிசி வந்த வண்டியிலேயே அதைத் திருப்பி ஏற்றிவிட்ட துளசிமணி, உள்ளே போய்ப் போர்வையை மடித்துப் பையில் வைத்தாள்.

குமாரசாமி, நாலு நாள் போனால் எல்லாரும் மறந்துவிடுவார்கள், விட்டுவிடு என்றார்.

"அவங்க மறந்துபோடுவாங்க. நான் மறக்கோணுமல்லோ," என்றாள் அவள்.

மறுநாள் காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறினாள். மஞ்சள் பனியனில் இருந்த கல்லூரிப் பெயரை வீடியோவில் நிறுத்திப் பார்த்து எழுதி வைத்திருந்தாள். வழியெல்லாம் மார்க்கெட் வாசலில் படுத்துக் கிடக்கும் ஒரு அம்மாவின் ஞாபகமே வந்துகொண்டிருந்தது. நிஜமாகவே வீடில்லாதவள். யாராவது கைப்பேசியை நீட்டினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். அவளுக்கு எத்தனை தடவை இப்படி நடந்திருக்கும் என்று துளசிமணி இதற்கு முன்னால் நினைத்துப் பார்த்ததில்லை.

கல்லூரி வாசலில் காவல்காரர் உதவித்தொகை விஷயமா என்று கேட்டார். வீடியோ விஷயம் என்றதும் அவருக்கே அடையாளம் தெரிந்துவிட்டது. ஓடிப் போய்ச் சொன்னார். பேராசிரியர் கிருபாசங்கர் தானே இறங்கி வந்து, கும்பிட்டு, ஏசி அறைக்குக் கூட்டிப்போய்க் காப்பி வரவழைத்தார். பதமாகப் பேசுகிறவர். ஐந்து நாட்டுக் கல்லூரிகள் சேர்ந்து 'கனிவின் பாலம்' என்று ஒரு திட்டம் நடத்துகின்றன என்றார். கோயமுத்தூர், போலந்து, நேபாளம், வியட்நாம், கென்யா. ஒரு நாட்டு மாணவர்கள் அன்பான காரியம் ஒன்றைச் செய்து படம் எடுப்பார்கள், இன்னொரு நாட்டு மாணவர்கள் அதைத் தொகுப்பார்கள். அடுத்த வாரம் பரிசு அறிவிக்கப்போகிறார்கள். இருப்பதிலேயே அதிகம் பேர் பார்த்தது அவளுடைய படம்தான். அவளால் கல்லூரிக்கே பெருமை.

துளசிமணி காப்பியைத் தொடவில்லை. போர்வையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "அந்த வீடியோவை எடுத்துப்போடுங்க சாருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு தாளை நகர்த்தினார். ஆண்டு விழாவில் அவளை மேடையேற்றிச் சால்வை போடப் போவதாகவும், அதற்கு இந்த ஒரு கையெழுத்து இருந்தால் போதும் என்றும் சொன்னார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தாள். படம் எடுக்கத் தனக்குச் சம்மதம் என்று இருந்தது. கீழே தேதியைப் பார்த்தாள்.

"இது போன மாசத்துத் தேதியாச்சுங்களே?"

அது சும்மா ஒரு நடைமுறைக்காக என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. காவல்காரர் சொல்லித் தெரிந்துகொண்டு அந்த ஆப்பிரிக்கப் பெண்ணும், கைப்பேசி பிடித்திருந்த பையனும் வந்து நின்றார்கள். அவள் பெயர் நீமா, தான்சானியாவிலிருந்து வந்து இங்கே இரண்டு வருஷமாகப் படிக்கிறாள். பையன் ஹர்ஷா, சூலூர்க்காரன். துளசிமணியைப் பார்த்ததும் நீமாவின் முகம் மலர்ந்தது. "கருவேப்பிலை அம்மா," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் துளசிமணிக்குப் பாதிக் கோபம் இறங்கியது. மீதிக் கோபம் ஏறியது. "உனக்கு ஞாபகம் இருக்குது. அப்புறம் ஏன் அது படத்துல இல்லை?"

நீமா தன் கைப்பேசியில் இருந்த வெட்டாத படத்தைத் தேடி எடுத்தாள். அதில் எல்லாம் இருந்தது. துளசிமணி சாக்கைத் திறப்பதும், கட்டை எடுத்து நீட்டுவதும், நீமா முகர்ந்து பார்த்துச் சிரிப்பதும், குழம்புக்குப் போட்டுக்கொள் கண்ணு என்ற குரலும். ஹர்ஷா தலையைக் குனிந்துகொண்டு, பதினேழு விநாடி வெட்டியிருக்கிறார்கள் என்றான்.

யார் வெட்டினார்கள் என்று கேட்டாள். போலந்தில் ஓலா என்கிற பெண் என்றான். ஏன் வெட்டினாள் என்று கேட்டாள். அவன் வாசலைப் பார்த்தான். அவள் விடவில்லை, கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில் சொன்னான். படத்தோடு ஒரு படிவம் அனுப்பவேண்டும். அதில் உதவி பெற்றவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து சுற்றியும் நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஐந்தாவதாகக் கிடைத்தவள் துளசிமணி. யார் எவர் என்று கேட்கவில்லை. வீடற்ற மூதாட்டி என்று அவன்தான் எழுதினான்.

"சும்மா எழுதிப்போட்டேனுங்கம்மா," என்றான். அவன் குரல் உள்ளே போயிருந்தது.

ஐந்து நாட்டு மாணவர்களும் பார்த்துப் பேசும் வாராந்திரக் கூட்டம் அன்று மூன்றரை மணிக்கு இருந்தது. அதில் தானும் பேசவேண்டும் என்றாள் துளசிமணி. கிருபாசங்கர் அது மாணவர்களுக்கானது என்றார். அப்படியானால் ஆண்டு விழா மேடையில் சால்வை போடும்போது பேசிக்கொள்கிறேன், அங்கே இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள் என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பத்து நிமிஷம் என்றார்.

கல்லூரி கேன்டீனில் அவளே தன் சாப்பாட்டை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கே போய் உட்கார்ந்துகொண்டாள். பெரிய திரையில் ஒவ்வொரு கட்டமாக முகங்கள் வந்தன. செம்பட்டை முடிக்காரி ஓலா என்று நீமா காட்டினாள். திரையில் இருந்த எல்லாரும் அவளைப் பார்த்ததும் கையசைத்தார்கள். இரண்டு பேர் நெஞ்சில் கை வைத்தார்கள். அந்தப் பரிவு முகங்களைப் பார்க்கப் பார்க்கத் துளசிமணிக்கு உடம்பு கூசியது.

எழுந்து நின்று பேசினாள். தன் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், தோட்டத்தைச் சொன்னாள், நாலு அறை வீட்டைச் சொன்னாள். மகள் ஆபீஸில் அழுததையும், அரிசிச் சிப்பம் வந்ததையும் சொன்னாள். நீங்கள் எல்லாரும் நல்ல பிள்ளைகளாகத்தான் தெரிகிறீர்கள், ஆனால் என்னைக் கேட்காமல் என்னைப் பிச்சைக்காரி ஆக்கிவிட்டீர்கள் என்றாள். நிறுத்தாமல் பேசிவிட்டு ஹர்ஷாவைப் பார்த்தாள். அவன் இங்கிலீஷில் இரண்டு வரி சொன்னான். திரையில் எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

"ஏன் தம்பி, நான் பேசுனது அத்தனை நீளம். நீ சொன்னது இத்தனூண்டுதானா?"

ஹர்ஷா பேராசிரியரைப் பார்த்தான். அவர் சுவரைப் பார்த்தார். அப்போது நீமா எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். "அவங்க நன்றி சொல்றாங்கன்னு இவன் சொல்லிட்டான் அம்மா," என்றாள். அவளுடைய தமிழ் பஸ்ஸிலும் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்திலும் கற்றுக்கொண்டது. "நான் சொல்றேன். நீங்க மெதுவா சொல்லுங்க. எனக்குத் தெரியாத வார்த்தை வந்தா நிறுத்துறேன்."

துளசிமணி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை ஒரு வரி அவள், ஒரு வரி நீமா. சிப்பம் என்ற இடத்தில் நீமா நிறுத்தி, சின்ன மூட்டை என்று அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிச்சைக்காரி என்ற இடம் வந்ததும் திரையில் சிரிப்பு போய்விட்டது. ஓலா கைகளால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீடில்லாத ஒருத்தி எதற்கு இலைக் கட்டை எடுத்துக் கொடுக்கிறாள் என்று பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும், அதனால்தான் வெட்டினேன், உங்களைக் குறைவாகக் காட்டவேண்டும் என்று நினைக்கவில்லை என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அழுவாத அம்மணி," என்றாள் துளசிமணி. குரல் இறங்கவில்லை. "வாங்குறவ திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு உனக்கு யாரு சொன்னது? சரி, நெசமாவே நான் ஊடில்லாதவளாவே இருந்திருக்கறேன்னு வெச்சுக்குவோம். அப்ப மட்டும் என்ற மூஞ்சியக் கேக்காம எடுக்கலாமா? அப்ப மட்டும் நான் குடுத்ததை வெட்டலாமா?"

நீமா இதை மொழிபெயர்க்க நேரம் எடுத்துக்கொண்டாள். முடித்துவிட்டு, யாரும் கேட்காமலேயே தன்னைப் பற்றியும் சொன்னாள். இந்த ஊர் பஸ்ஸில் தினமும் யாராவது ஒருத்தர் அவளைக் கேட்காமல் படம் எடுக்கிறார்கள். போன வருஷம் ஒருத்தன் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கி அழிக்கச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறாள். அப்படிப்பட்ட தானே மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு போய் அதையே செய்துவிட்டதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். முதலில் இங்கிலீஷில் சொன்னாள். அப்புறம் துளசிமணிக்காகத் தமிழில் சொன்னாள்.

கிருபாசங்கர் எழுந்தார். உணர்ச்சிவசப்பட வேண்டாம், இதை நிர்வாகத்தோடு கலந்து பேசவேண்டும், பரிசு அறிவிக்கும்வரை எதையும் தொடக்கூடாது என்றார். தொட்டால் திட்டத்துக்கான மதிப்பெண் கிடையாது என்பதையும் அதே பதமான குரலில் சொன்னார். ஹர்ஷாவின் முகம் வெளுத்துவிட்டது. அவன் அப்பாவுக்கு ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை. இந்தச் சீட்டுக்காக அவர் பட்ட பாடு அவனுக்குத் தெரியும். துளசிமணி அவனைப் பார்த்தாள். அவனிடம் கெஞ்சவும் அவளுக்கு இஷ்டமில்லை, மிரட்டவும் இஷ்டமில்லை.

ஹர்ஷா எழுந்தான். படிவத்தில் தப்பாக எழுதியது நான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இந்தமுறை முழுசாக, திரையைப் பார்த்தே சொன்னான். அப்புறம், ஓலா, அதை எடுத்துவிடு என்றான். படம் ஓலாவின் கணக்கில்தான் இருந்தது. கிருபாசங்கர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் போலந்தில் அந்தப் பெண் இரண்டு விசையைத் தட்டினாள். போய்விட்டது என்று கையை விரித்துக் காட்டினாள்.

அதோடு எழுந்து போயிருந்தால் அது துளசிமணி இல்லை. பார்த்த ஒன்பது லட்சம் பேருக்கும் யார் சொல்வது என்று கேட்டாள். ஹர்ஷா அங்கேயே உட்கார்ந்து ஒரு மன்னிப்பு எழுதினான். யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்று இருந்தது.

"பட்டிருந்தால்னு என்ன போட்டிருக்கற? படாமயா நான் ரெண்டு பஸ் மாறி வந்து உக்காந்திருக்கறேன்?"

அவன் அடித்துவிட்டு மறுபடி எழுதினான். இந்தப் படத்தில் இருந்தவர் அன்னூர்ப் பக்கத்து விவசாயி துளசிமணி. அவருக்கு வீடு உண்டு, குடும்பம் உண்டு. அவரைக் கேட்காமல் படம் எடுத்தோம். வீடில்லாதவர் என்று பொய் எழுதினோம். அவர் எங்களுக்குக் கறிவேப்பிலை கொடுத்தார், அதை வெட்டிவிட்டோம். நேபாளத்துப் பையன், இதோடு வெட்டாத படத்தையும் போட்டால் உண்மை தெரியுமே என்று நல்ல எண்ணத்தோடு சொன்னான். துளசிமணி மறுத்துவிட்டாள். பெயரைப் போடு, முகத்தைப் போடாதே என்றாள். எழுத்து மட்டும் ஐந்து மொழிகளில் போனது. அவளும் அன்னூர் பஸ் ஏறினாள். போர்வை பேராசிரியரின் மேஜையிலேயே கிடந்தது.

பரிசு வியட்நாமுக்குப் போனது. நீமா, ஹர்ஷா இருவருடைய மதிப்பெண்ணும் நிறுத்திவைக்கப்பட்டது. துளசிமணி இதை ஹர்ஷாவிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவனாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஆனால் போய்ச் சிபாரிசு கேட்க அவள் ஆள் இல்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு முற்பகலில் ஒரு கார் மண்பாதையில் தடுமாறித் தடுமாறி வந்து நின்றது. இறங்கியவர் கிருபாசங்கர். திட்டத்தை நடத்தும் வெளிநாட்டு அமைப்பு அந்த மன்னிப்பைப் படித்துவிட்டு, அந்த அம்மாவின் புகார் தீர்ந்ததா என்று கல்லூரியைக் கேட்டிருக்கிறது. அவள் கைப்பட ஒரு கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் கல்லூரிக்கு இடமில்லை.

துளசிமணி அரிவாளைக் கீழே வைக்கவில்லை. பாத்தி பாத்தியாக அறுத்துக்கொண்டே போனாள். அவர் பளபளக்கும் பூட்ஸோடு சேற்றில் அவள் பின்னாலேயே நடந்து பேசவேண்டியதாயிற்று. எல்லாம் கேட்டுவிட்டு, அந்த ரெண்டு பிள்ளைகளுக்கும் மார்க் போட்டாச்சா என்று கேட்டாள். அது பரிசீலனையில் இருக்கிறது என்றார்.

"போட்டுப்போட்டு வாங்க சாருங்க. நான் இங்கதான் இருப்பேன். எனக்குத்தான் ஊடு இருக்குதே."

அவர் திரும்பிப் போனார். நாலாம் நாள் மறுபடி வந்தார், மதிப்பெண் பட்டியலின் நகலோடு. அவள் ஹர்ஷாவுக்குப் போன் போட்டு உறுதிசெய்துகொண்டாள். அப்புறம் அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, மோர் கொடுத்துவிட்டு, மகளின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். மூன்றே வரி. 'என்னைக் கேட்காமல் படம் எடுத்தார்கள். நான் போய்க் கேட்டதும் மாணவர்கள் நீமாவும் ஹர்ஷாவும் ஓலாவும் அதை நீக்கிவிட்டார்கள். நீக்க வேண்டாம் என்று கல்லூரி சொன்னது.'

கிருபாசங்கர் படித்தார். மூன்றாவது வரி மட்டும் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

"நடந்ததை வெட்டுனதுக்குத்தானுங்க இத்தனை பாடு," என்றாள் அவள். தாளை நீட்டியபடியே நின்றாள். அவர் மீதி மோரைக் குடித்து முடித்தார். அப்புறம் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். குமாரசாமி அதுவரைக்கும் மாட்டுக் கொட்டகையில்தான் இருந்தார். கார் போன பிறகு வந்து, கல்லூரிக்காரர் பாவம் என்றார். துளசிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடிதம் எங்கே போனது, யார் படித்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. திட்டம் இந்த வருஷமும் நடக்கிறது என்று நீமா சொன்னாள். இப்போது படம் எடுப்பதற்கு முன்னால் ஆளிடம் கேட்கவேண்டும், தொகுத்த பிறகும் அவர்களுக்குக் காட்டவேண்டும் என்று மாணவர்களே விதி வைத்திருக்கிறார்களாம். ஓலா தான் முன்பு தன் ஊரில் எடுத்திருந்த ஆறு படங்களின் ஆட்களைத் தேடிப்போய்க் கேட்டிருக்கிறாள். நாலு பேர் இருக்கட்டும் என்றார்கள். இரண்டு பேர் எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துவிட்டாள். உதவி பெற்றவர் யார் என்ற கட்டத்தைப் படிவத்திலிருந்தே நீக்கவேண்டும் என்று கென்யாக்காரர்கள் கேட்டார்களாம், அது இன்னும் நடக்கவில்லை.

ஆனால் ஒரு தரம் வெளியே போன படம் சாமானியத்தில் திரும்பி வருமா? யார் யாரோ எடுத்து வைத்துக்கொண்டு, தங்கள் பக்கங்களில் வேறு வேறு பாட்டோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சூலூரில் ஒரு கல்யாணத்தில், அந்த வீடியோவில் வந்தவர் நீங்கள்தானே என்று ஒருத்தி பரிதாபமாகக் கையைப் பிடித்தாள். துளசிமணி அவள் கைப்பேசியிலேயே அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, அங்கேயே நின்று, அது பொய் என்று புகார் கொடுக்க வைத்தாள். பந்தி முடியும் வரைக்கும் விடவில்லை.

லோகப்பிரியா ஒரு லீவில் வந்தபோது எப்படிப் புகார் செய்வது என்று அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தாள். இலை கட்டும் நேரத்துக்கு இடையில் துளசிமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவாள். முதலில் மரியாதையாக ஒரு செய்தி அனுப்புவாள்: இது நான், எனக்குச் சம்மதமில்லை, எடுத்துவிடுங்கள். பாதிப் பேர் எடுத்துவிடுவார்கள். மீதிப் பேருக்கு மறுநாளும் அனுப்புவாள், அதற்கு மறுநாளும் அனுப்புவாள். தை மாதம் வரைக்கும் நாற்பத்தொரு இடத்தில் எடுக்க வைத்துவிட்டாள். ஒரு பக்கத்துக்காரன் மட்டும், உன்னால் என்ன செய்ய முடியும் என்று எழுதிவிட்டு, அவளுடைய செய்தி தனக்கு வராதபடி தடுத்துவிட்டான். அவள் குமாரசாமியின் பெயரில் இன்னொரு கணக்குத் திறந்தாள். அதையும் தடுத்தான். இப்போது அவனுக்கு நேபாளத்திலிருந்தும், வியட்நாமிலிருந்தும், போலந்திலிருந்தும் தினம் ஒன்றாகத் தமிழில் செய்தி போய்க்கொண்டிருக்கிறது. வாசகம் துளசிமணியுடையது, அனுப்புகிறவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அவன் இன்னும் எடுக்கவில்லை. அவளும் இன்னும் விடவில்லை.